கருவில் இருக்கும் பிள்ளையும் தாயின் ஜெபமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கர்ப்பமாக இருக்கும் கிறிஸ்தவத் தாய்மார்கள் போதகரிடமும் மருத்துவரிடமும் கேட்கத் தயங்கும் கேள்விகள் இவை. போதகரிடம் கேட்டால் உடம்பைப் பற்றிப் பேச்சு வராது, மருத்துவரிடம் கேட்டால் விசுவாசத்தைப் பற்றிப் பேச்சு வராது. இங்கே இரண்டையும் சேர்த்தே பேசியிருக்கிறோம். வாரக் கணக்கெல்லாம் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணியவை. கரு உண்டான நாள் அதற்குச் சுமார் 2 வாரம் பிந்தியது.

கருவில் இருக்கும் பிள்ளையைப் பற்றி வேதாகமம் என்னதான் சொல்கிறது?

எல்லாரும் முதலில் திறப்பது சங்கீதம் 139, வசனம் 13 முதல் 16 வரை. "என் தாயின் கர்ப்பத்தில் என்னைக் காப்பாற்றினீர்" என்று பழைய தமிழ் மொழிபெயர்ப்பு சொல்லும் இடத்தில், எபிரெய வினைச்சொல்லுக்குப் பின்னுதல், நெய்தல் என்றும் பொருள் கொள்ளலாம். யோபு 10:11-லும் எலும்புகளாலும் நரம்புகளாலும் பின்னப்பட்டதாகவே யோபு தன் உடம்பைப் பற்றிப் பேசுகிறார். 16-ஆம் வசனத்தில் "என் கரு" என்று வரும் சொல் எபிரெயத்தில் 'கோலெம்'. இன்னும் உருவம் தேறாத ஒன்று என்று அர்த்தம். பழைய ஏற்பாட்டில் அந்தச் சொல் இந்த ஓரிடத்தில்தான் வருகிறது. உருவம் தேறாத நிலையிலேயே "உம்முடைய கண்கள் கண்டது" என்கிறான் பாடகன். ஸ்கேனில் வெறும் புள்ளியாகத் தெரியும் நாட்களில் ஒரு தாய்க்கு இதைவிடப் பெரிய ஆறுதல் வேண்டியதில்லை.

அடுத்தது லூக்கா 1. மரியாளின் வாழ்த்துதலைக் கேட்டதும் எலிசபெத்தின் வயிற்றில் பிள்ளை துள்ளியது. அங்கே 'பிள்ளை' என்பதற்கு லூக்கா எழுதிய கிரேக்கச் சொல் 'ப்ரெஃபோஸ்'. அடுத்த அதிகாரத்தில் முன்னணையில் கிடத்தியிருந்த பிள்ளைக்கும் அதே சொல்தான். பிறந்ததற்கு ஒன்று, பிறக்காததற்கு ஒன்று என்று அவர் பிரித்து எழுதவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். மரியாள் செய்தி கேட்ட அந்நாட்களிலேயே "தீவிரமாய்" மலைநாட்டுக்குப் புறப்பட்டுப் போகிறாள். போய்ச் சேர்ந்தபோது அவள் கர்ப்பம் சில வாரம்கூட ஆகியிருக்காது. வயிறு தெரியாது, அசைவும் இருக்காது. ஆனாலும் எலிசபெத் அவளை "என் ஆண்டவருடைய தாயார்" என்றே அழைக்கிறாள். 'தாயாகப் போகிறவள்' என்று சொல்லவில்லை.

எரேமியா 1:5 ("நான் உன்னைத் தாயின் வயிற்றில் உருவாக்கு முன்னே உன்னை அறிந்தேன்") ஒரு தீர்க்கதரிசியின் அழைப்பைப் பற்றிய வசனம். அதை உங்கள் பிள்ளைக்காகச் சொல்லி ஜெபிக்கலாம். ஆனால் பிள்ளை ஊழியத்துக்கு வருவான் என்ற வாக்குறுதியாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அது எப்போதிலிருந்து ஓர் உயிர், ஓர் ஆள்? திருச்சபையில் இதில் ஒரே கருத்துதானா?

ஆன்மா எப்போது வருகிறது என்பதில் ஒரே கருத்து இருந்ததில்லை. 13-ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ், அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி, பகுத்தறிவுள்ள ஆன்மா கருத்தரித்த பிறகு ஒரு காலம் கழித்தே வருகிறது என்று எழுதினார். அப்படி எழுதியவரும் கருவை அழிப்பதைப் பாவம் என்றே சொன்னார். ஆதித் திருச்சபையின் கையேடான 'திதாகே'யும் அதைத் தடை செய்கிறது. இன்றைய கத்தோலிக்கப் போதனை கருத்தரித்த கணத்திலிருந்தே ஓர் ஆளுக்குரிய மரியாதையைக் கேட்கிறது. ஆர்த்தடாக்ஸ் சபைகளும் சீர்திருத்தச் சபைகளில் பலவும் அதே பக்கம்தான். ஜெபிக்கும் தாய் இந்த விவாதம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. கண்டவர் கண்டிருக்கிறார் என்பது அவளுக்குப் போதும்.

கர்ப்பம் குழாயில் தங்கிவிட்டது என்கிறார்கள். ஜெபித்துக் காத்திருக்கலாமா?

காத்திருக்கக் கூடாது. கருக்குழாயில் தங்கிய கரு கருப்பைக்கு நகர்ந்து வராது. வளர வளரக் குழாய் வெடித்து உள்ளே ரத்தம் கொட்டும், தாயின் உயிர் போகும். அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம், ரத்தக்கசிவு ஆகியவை அடையாளங்கள். இவற்றில் எது வந்தாலும் அந்த மணியே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கருக்கலைப்பை முற்றிலும் மறுக்கும் கத்தோலிக்க ஒழுக்கவியலே பாதிக்கப்பட்ட குழாயை அகற்றும் சிகிச்சையை அனுமதிக்கிறது. இந்தச் சிகிச்சையை எடுத்துக்கொண்ட தாய் கொலை செய்தவள் அல்ல. அவளும் ஒரு பிள்ளையை இழந்தவள்தான். அவளுக்கும் துக்கம் உண்டு, துக்கப்பட இடம் கொடுங்கள்.

இன்னும் அசைவே தெரியவில்லை. யாருக்காக, எதற்காக ஜெபிப்பது?

அந்தந்த வாரத்தில் உள்ளே என்ன நடக்கிறதோ அதற்காக. 'பிள்ளை நன்றாக இருக்கட்டும்' என்று பொதுவாக ஜெபித்தால் நான்கு நாளில் வாய் தானாகச் சொல்லத் தொடங்கிவிடும், மனம் வேறெங்கோ போய்விடும். குறிப்பாக ஜெபித்தால் மனம் நிற்கும்.

கரு உண்டாகி 22-ஆம் நாள் வாக்கில் இருதயம் துடிக்கத் தொடங்குகிறது. 28-ஆம் நாளுக்குள் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் நரம்புக்குழாய் மூடிக்கொள்கிறது. உங்கள் கணக்கில் இது 6-ஆம் வாரம். பல தாய்மார்களுக்கு நாள் தள்ளிப்போனதே அப்போதுதான் உறைக்கும். 10-ஆம் வாரத்துக்குள் முக்கிய உறுப்புகள் எல்லாவற்றுக்கும் அடித்தளம் போட்டாகிவிடும். 12-ஆம் வாரத்தில் தலையிலிருந்து பிட்டம் வரை 5 முதல் 6 சென்டிமீட்டர்தான், ஆனால் விரல்கள் பிரிந்திருக்கும். அதையொட்டி வரும் வாரங்களில் விரல் ரேகைகள் உருவாகின்றன. அந்த வாரங்களில் அந்தக் கைகளுக்காக ஜெபியுங்கள்: எதைப் பற்றிக்கொள்ளும், எதைக் கொடுக்கும், யாருக்காகக் கூப்பும் என்று.

ஒரு சிறு நோட்டு வைத்துக்கொள்வது நல்லது. வாரத்துக்கு ஒரு பக்கம் போதும். மேலே வார எண், அடுத்து அந்த வாரம் உருவாகும் ஓர் உறுப்பு, ஒரு வசனம், இரண்டு வரி ஜெபம். கீழ்ப்பாதியை வெறுமையாக விடுங்கள். மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள், எடை, ரத்த அழுத்தம் எல்லாம் அங்கே. ஜெபத்துக்கு ஒரு நோட்டு, உடம்புக்கு ஒரு நோட்டு என்று இரண்டு வைத்தால் ஒரு மாதத்தில் இரண்டும் நின்றுபோகும்.

வாந்தியும் சோர்வுமாகக் கிடக்கிறேன். ஜெபிக்கவே முடியவில்லை. தவறா?

தவறில்லை. அன்னாளின் ஜெபத்தைப் பாருங்கள் (1 சாமுவேல் 1:13): உதடுகள் மாத்திரம் அசைந்தன, சத்தம் கேட்கவில்லை. ஆசாரியனே அவளைத் தவறாக நினைத்தான். அந்த ஜெபம்தான் கேட்கப்பட்டது. கர்ப்பகால ஹார்மோன் 9, 10-ஆம் வாரத்தில் உச்சத்துக்குப் போகும், குமட்டலும் ஏறக்குறைய அப்போதுதான் அதிகம். பெரும்பாலானவர்களுக்கு 16 முதல் 20 வாரத்துக்குள் அடங்கிவிடும்.

இந்த வாரங்களில் நீண்ட ஜெபத்தை ஒதுக்கிவையுங்கள். மாத்திரையோடு ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள். ஃபோலிக் அமிலம் தினமும் 400 மைக்ரோகிராம். கர்ப்பத்துக்கு முயலும்போதே தொடங்கி 12 வாரம் வரை எடுப்பது வழக்கம். சர்க்கரை நோய், வலிப்பு மருந்து, முந்தைய பிள்ளைக்கு நரம்புக்குழாய்க் குறை என்று ஏதாவது இருந்தால் மருத்துவர் அளவைக் கூட்டுவார். மாத்திரையை வாயில் போடும்போது "ஆண்டவரே, இந்த முதுகெலும்பை நேராக்கும்" என்று சொன்னால் அதுவும் முழு ஜெபமே.

24 மணி நேரமாகத் தண்ணீர்கூடத் தங்கவில்லை, சிறுநீர் அடர் மஞ்சளாக மிகக் குறைவாகப் போகிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது என்றால் அது சாதாரண மசக்கை அல்ல. மருத்துவமனையில் நீரேற்ற வேண்டியிருக்கும். 'சிலுவை சுமக்கிறேன்' என்று வீட்டில் கிடக்காதீர்கள்.

கர்ப்ப காலத்தில் உபவாசம் இருக்கலாமா?

உணவை விட்டு இருக்க வேண்டாம் என்பதே எங்கள் தெளிவான கருத்து. கர்ப்பிணியின் உடம்பில் பட்டினி மற்றவர்களைவிடச் சீக்கிரம் வேலையைக் காட்டும். ரத்தச் சர்க்கரை வேகமாக இறங்கும், உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கி, கீட்டோன்கள் என்னும் அமிலப் பொருள்கள் ரத்தத்தில் ஏறும், நீரிழப்பு சேர்ந்தால் கருப்பைச் சுருக்கங்கள்கூட வரலாம். கர்ப்பகாலச் சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறவர்களுக்கு இது நேரடியான ஆபத்து.

பொருத்தனை செய்துவிட்டேன், எப்படி முறிப்பது என்று கேட்கிறவர்கள் போதகரிடம் சொல்லி அதை வேறொன்றாக மாற்றிக்கொள்ளலாம். சாயங்காலம் 6 மணிக்கு மேல் தொலைபேசியைத் தொடாமல் இருப்பது, கோபத்தில் பேசாமல் ஒரு நாளைக் கடத்துவது, அந்த நேரத்தில் பிள்ளையில்லாத ஒரு தம்பதிக்காக ஜெபிப்பது. கடைசியாகச் சொன்னது கர்ப்பிணிக்குக் கடினம், அதனாலேயே பலன் உள்ளது.

நற்கருணைக்கு முன் 1 மணி நேரம் உண்ணாதிருக்கும் கத்தோலிக்க ஒழுங்கில் தண்ணீரும் மருந்தும் கணக்கில் சேராது. திராட்சரசத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் அப்பத்தை மட்டும் பெறலாம். ஒன்றிலேயே கிறிஸ்து முழுமையாக இருக்கிறார் என்பது அவர்களின் போதனை. மற்றச் சபைகளில் மது இல்லாத ரசம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

முழங்காலில் நிற்பது, ஆராதனையில் நெடுநேரம் நிற்பது பிள்ளைக்குக் கெடுதலா?

பிள்ளைக்குக் கெடுதல் இல்லை. சிக்கல் உங்களுக்குத்தான். கர்ப்பத்தின் நடுப்பகுதியில் ரத்த அழுத்தம் இயல்பாகவே சற்றுக் குறையும், ரத்த நாளங்கள் தளர்ந்திருக்கும். அசையாமல் நின்றால் ரத்தம் கால்களில் தேங்கி மயக்கம் வரும். நிற்கும்போது குதிகாலை உயர்த்தி இறக்கிக்கொண்டே இருங்கள். கண் இருட்டினால் வெட்கப்படாமல் உடனே உட்காருங்கள்.

முழங்காலிட்டால் தொடைகளை அகலமாக வைத்து வயிற்றுக்கு இடம் கொடுங்கள், கீழே மெத்தை போடுங்கள், எழும்போது ஒரு காலை முன்வைத்து எதையாவது பிடித்து எழுங்கள். 28-ஆம் வாரத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்து ஜெபிக்கவோ தூங்கவோ வேண்டாம். கருப்பையின் பாரம் பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். இடப்பக்கமோ வலப்பக்கமோ ஒருக்களித்துப் படுத்தால் போதும். தூக்கத்தில் புரண்டு மல்லாந்திருந்தால் பயப்படாமல் மறுபடி திரும்பிப் படுங்கள்.

வசனம் வாசித்தால் பிள்ளைக்குக் கேட்குமா?

கேட்கும், ஆனால் முதல் மாதத்திலேயே இல்லை. 24 முதல் 28 வாரத்துக்குள் பிள்ளை சத்தத்துக்கு அசைந்து பதில் காட்டத் தொடங்குகிறது. எலிசபெத் 6-ஆம் மாதத்தில் இருந்தாள் என்று லூக்கா சொல்வதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். வெளியிலிருந்து வரும் சத்தம் தசையும் நீரும் தாண்டி மங்கலாகத்தான் போகும். தாயின் குரல் அவள் உடம்பின் வழியாகவும் போவதால் மற்ற எதையும்விடத் தெளிவு.

1980-இல் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற ஆய்வாளர்கள் பிறந்து சில நாளான குழந்தைகள் மற்றப் பெண்களின் குரலைவிடத் தாயின் குரலையே நாடுவதைக் காட்டினார்கள். 1986-இல் டிகாஸ்பரும் ஸ்பென்ஸும் செய்த ஆய்வில், கர்ப்பத்தின் கடைசி 6 வாரம் தாய்மார்கள் ஒரே பகுதியைத் தினம் இருமுறை சத்தமாக வாசித்தார்கள். பிறந்த பிறகு குழந்தைகள் அதே பகுதியைக் கேட்கவே விரும்பின. குழந்தைக்கு அர்த்தம் புரியாது. அது கற்றது தாளத்தையும் ஏற்ற இறக்கத்தையும்.

ஆகவே நாளுக்கொன்றாகப் பல சங்கீதங்கள் வேண்டாம். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சங்கீதம் 23 போல 6 வசனம் உள்ளது போதும், 121-க்கு 8 வசனம். 32-ஆம் வாரத்திலிருந்து காலையும் இரவும், பக்கத்தில் இருப்பவரோடு பேசும் சத்தத்தில், அவசரமில்லாமல் வாசியுங்கள். தகப்பனும் வாசிக்கலாம், வயிற்றுக்கு அருகில் குனிந்து. ஹெட்ஃபோனை வயிற்றில் வைத்துப் பாட்டை அலறவிடுவது தேவையில்லாத வேலை. எவ்வளவு சத்தம் உள்ளே போகிறது என்று உங்களால் அளக்க முடியாது.

அசைவை எண்ணச் சொன்னார்கள். அதையே ஜெப வேளையாக வைத்துக்கொள்ளலாமா?

இதைவிடப் பொருத்தமான வேளை இல்லை. முதல் கர்ப்பத்தில் அசைவு 18 முதல் 20 வாரத்தில் தெரியவரும், அடுத்தடுத்த கர்ப்பங்களில் 16-லேயே தெரியலாம். நஞ்சுக்கொடி (பிளாசென்டா) கருப்பையின் முன்சுவரில் இருந்தால் அது மெத்தைபோல் அடிகளை வாங்கிக்கொள்ளும், உணரத் தாமதமாகும். முதலில் அது அசைவு என்றே தோன்றாது. உள்ளே ஒரு சிறு மீன் வாலைத் திருப்பியது போல இருக்கும், வாயுவோ என்று சந்தேகம் வரும். மறுநாள் அதே இடத்தில் மறுபடி வரும்.

28-ஆம் வாரத்துக்குப் பிறகு தினமும் ஒரே நேரத்தில், சாப்பிட்டு முடித்து, ஒருக்களித்துப் படுத்து, வயிற்றின் மேல் கையை வையுங்கள். உதை, உருளல், தள்ளல் எல்லாம் எண்ணிக்கையில் சேரும். விக்கல் சேராது. அது சீராக, கடிகாரம்போல் வரும். ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு பெயரைச் சொல்லி நன்றி செலுத்துங்கள்: தகப்பன், தாத்தா, பாட்டி, மருத்துவச்சி. பரவலாகச் சொல்லப்படும் அளவு 2 மணி நேரத்துக்குள் 10 அசைவு. பலருக்கு அரை மணியிலேயே ஆகிவிடும். எண்ணைவிட உங்கள் பிள்ளையின் வழக்கமான போக்கே முக்கியம்.

இப்போது சொல்வதைத் தயவுசெய்து கவனியுங்கள். அசைவு குறைந்துவிட்டது என்று உங்களுக்குத் தோன்றினால் 'இரவெல்லாம் ஜெபித்துக் காலையில் பார்க்கலாம்' என்று இருக்காதீர்கள். கடைசி வாரங்களில் இடம் போதாமல் பிள்ளை அசைவதை நிறுத்திவிடும் என்று சொல்வதும் தவறு. அசையும் விதம் மாறலாம், எண்ணிக்கை குறையக் கூடாது. உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வழியில் ஜெபியுங்கள்.

ஸ்கேனும் பரிசோதனையும் செய்வது அவிசுவாசமா?

இல்லை. 11 முதல் 14 வாரத்துக்குள் செய்யும் ஸ்கேன் நாட்களைச் சரியாகக் கணிக்கிறது, இரட்டைப் பிள்ளைகளைக் காட்டுகிறது. 18 முதல் 22 வாரத்துக்குள் செய்வது இருதயம், முதுகெலும்பு, சிறுநீரகம், நஞ்சுக்கொடியின் இடம் ஆகியவற்றைப் பார்க்கிறது. இருதயக் குறை முன்பே தெரிந்தால், பிறந்த உடனே சிகிச்சை செய்யக்கூடிய இடத்தில் பிரசவத்தை வைத்துக்கொள்ள முடியும். பிள்ளையை விட்டுவிடப் போவதில்லை என்று முடிவெடுத்த குடும்பத்துக்குத்தான் இந்தத் தகவல் அதிகம் உதவும்.

முடிவைப் புரிந்துகொள்வதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஒரு பிறவிக் குறைக்கான ரத்தப் பரிசோதனை '250-இல் 1' என்று சொன்னால் அது அந்தக் குறை இருக்கிறது என்ற தீர்ப்பு அல்ல. அதே முடிவு வந்த 250 தாய்மாரில் 249 பேரின் பிள்ளைக்கு அந்தக் குறை இருக்காது. உறுதியாகத் தெரிய 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரை எடுத்துப் பார்க்க வேண்டும். அதில் கருச்சிதைவு ஆபத்து சிறிய அளவில் உண்டு. போவதற்கு முன் மூன்று கேள்விகளை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: இது சந்தேகத்தைக் காட்டுவதா, உறுதி செய்வதா? முடிவு வந்தால் சிகிச்சையில் எது மாறும்? யாரோடு பேசி முடிவெடுக்க எவ்வளவு நாள் இருக்கிறது?

குறை உறுதியானால் 'யார் செய்த பாவம்' என்ற கேள்வியோடு யாராவது வருவார்கள். யோவான் 9-இல் சீஷர்கள் கேட்டதும் அதே கேள்விதான். இவனும் பாவம் செய்யவில்லை, இவனைப் பெற்றவர்களும் செய்யவில்லை என்பதே பதில்.

'ஆண் பிள்ளை என்று கர்த்தர் காண்பித்தார்' என்று ஒருவர் தீர்க்கதரிசனம் சொன்னார். நம்பலாமா?

அதன்மேல் எதையும் கட்டாதீர்கள். பிள்ளை ஆணா பெண்ணா என்பது கருத்தரிக்கும் கணத்திலேயே தகப்பனின் விந்தணுவால் தீர்மானமாகிவிடுகிறது. பெண் பிறந்தால் தாய்மேல் பழி போடுவதற்கு வேதத்திலும் இடமில்லை, உடற்கூற்றிலும் இடமில்லை. சொன்னது பொய்த்தால் காயப்படுவது சொன்னவர் அல்ல, வேண்டாத பிள்ளையாக வந்து பிறந்த அந்தக் குழந்தைதான்.

மற்றவர்கள் சந்தோஷப்படுகிறார்கள், எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. நான் கெட்ட தாயா?

ஈசாக்கு வேண்டிக்கொண்ட பிறகே ரெபெக்காள் கர்ப்பமானாள். ஆனாலும் வயிற்றில் இரட்டைப் பிள்ளைகள் மோதிக்கொண்டபோது "இப்படியானால் எனக்கு எப்படியோ" என்று சொல்லிக் கர்த்தரிடத்தில் விசாரிக்கப் போனாள் (ஆதியாகமம் 25:22). அந்த வார்த்தையையே உங்கள் ஜெபமாக்கிக்கொள்ளலாம். பாசம் சிலருக்கு முதல் ஸ்கேனில் வரும், சிலருக்குப் பிறந்து சில வாரம் கழித்து வரும்.

ஆனால் 2 வாரத்துக்கு மேல் தொடர்ந்து அழுகை, தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை, குற்றவுணர்வு இருந்தால் அது நோய். கர்ப்பிணிகளில் சுமார் 10 பேரில் ஒருவருக்கு மனநலச் சிக்கல் வருகிறது, பெரும்பாலும் மனச்சோர்வாக. கர்ப்பத்தில் கொடுக்கக்கூடிய மருந்துகள் உண்டு, பேச்சு சிகிச்சை உண்டு. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் 'பிள்ளைக்காக' என்று தாமாக நிறுத்தக் கூடாது. திடீரென நிறுத்தினால் நோய் முன்னைவிட மோசமாகத் திரும்பும். செத்துப்போகலாம் என்ற நினைவு வந்தால் அன்றே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள், மருத்துவமனைக்குப் போங்கள்.

கருச்சிதைவு ஆகிவிட்டது. நான் என்ன தவறு செய்தேன்? அந்தப் பிள்ளை எங்கே?

தெரியவந்த கர்ப்பங்களில் 100-க்கு 10 முதல் 20 வரை இப்படி முடிகின்றன, பெரும்பாலும் முதல் 12 வாரத்துக்குள். அவற்றில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் குரோமோசோம்களின் எண்ணிக்கை தவறிப்போனது. அது நீங்கள் கர்ப்பம் என்று அறிவதற்கு முன்பே நடந்துவிட்ட ஒன்று. படி ஏறியதாலோ, கோபப்பட்டதாலோ, ஒரு நாள் ஜெபிக்காமல் விட்டதாலோ அல்ல.

பிள்ளை எங்கே என்ற கேள்விக்கு, தன் குழந்தையை இழந்த தாவீது "நான் அதினிடத்துக்குப் போவேன்" என்று சொன்னான் (2 சாமுவேல் 12:23). ஞானஸ்நானம் பெறாமல் இறந்த சிசுக்களின் இரட்சிப்பை நம்பிக்கையோடு எதிர்பார்க்கக் காரணங்கள் உண்டு என்று கத்தோலிக்கத் திருச்சபையின் சர்வதேச இறையியல் குழு 2007-இல் எழுதியது. பெயர் வையுங்கள். ஆணா பெண்ணா என்று தெரியாவிட்டால் இரண்டுக்கும் பொருந்தும் பெயராக வையுங்கள். போதகரை அழைத்து அடக்க ஜெபம் செய்யச் சொல்லலாம். உடலையோ திசுவையோ என்ன செய்வார்கள் என்று மருத்துவமனையில் முன்கூட்டியே கேளுங்கள். பிறகு கேட்டால் காலம் கடந்திருக்கும்.

ஒன்றை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை: 16 வாரத்துக்குப் பிந்திய இழப்பில் சில நாளில் பால் சுரக்கலாம். பிழிந்து எடுத்தால் மேலும் சுரக்கும். தாங்கிப்பிடிக்கும் உள்ளாடையும் குளிர்ந்த ஒத்தடமும் போதும், வலி மிஞ்சினால் மட்டும் கொஞ்சம் எடுக்கலாம். ரத்தப்போக்கில் ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுவதும் நனைந்து, அடுத்த மணியும் அப்படியே தொடர்ந்தாலோ, காய்ச்சலோ நாற்றமோ இருந்தாலோ உடனே போக வேண்டும்.

பார்க்க வருகிறவர்களுக்கு: 'கர்த்தருக்குச் சித்தமில்லை', 'இன்னொன்று பெறலாம்' இரண்டையும் சொல்லாதீர்கள். பெயரைக் கேளுங்கள். அந்தப் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள்.

பிரசவ வலியில் எப்படி ஜெபிப்பது? சிசேரியன் ஆனால் ஜெபம் கேட்கப்படவில்லை என்று அர்த்தமா?

ஒரு வலி 45 முதல் 90 விநாடி நிற்கும். அதற்குள் நீண்ட ஜெபம் அடங்காது, சொல்ல முயன்றால் மூச்சைப் பிடித்துக்கொள்வீர்கள், வலி கூடும். மூச்சை இழுத்து, மெதுவாக விடும்போது நான்கைந்து சொல் மட்டும்: "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்." அடுத்த மூச்சில் அதையே. கூட இருப்பவர் காதருகே அதே வரியைச் சொல்லட்டும். புது வசனம் தேட வேண்டாம். வலி 5 நிமிடத்துக்கு ஒன்றாக, ஒவ்வொன்றும் 1 நிமிடமாக, 1 மணி நேரம் தொடர்ந்தால் கிளம்பும் நேரம். பனிக்குடம் உடைந்தாலோ ரத்தம் வந்தாலோ இந்தக் கணக்குப் பார்க்காமல் உடனே. 20 வாரத்துக்குப் பிறகு எப்போதானாலும் விடாத தலைவலி, கண்முன் பூச்சி பறப்பது, மேல்வயிற்று வலி, ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொடுவது ஆகியவையும் அப்படியே.

சிசேரியன் தோல்வி அல்ல, கேட்கப்படாத ஜெபமும் அல்ல. பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டுச் செய்வதால் விழித்திருப்பீர்கள். வலி தெரியாது, இழுப்பதும் அழுத்துவதும் தெரியும். கை நடுங்கும், பல் அடிக்கும். இது பயத்தால் மட்டும் வருவதில்லை, மருந்தாலும் குளிராலும் வரும். பிள்ளை நலமாக இருந்தால் மார்பின்மேல் வைக்க முடியுமா என்று முன்பே கேட்டு வையுங்கள். வைத்தவுடன் பேச வார்த்தை தேட வேண்டாம். 32-ஆம் வாரத்திலிருந்து காலையும் இரவும் வாசித்த அந்தச் சங்கீதத்தை அதே சத்தத்தில் தொடங்குங்கள். அந்தத் தாளம் அதற்கு ஏற்கெனவே பழக்கம்.